இரவு இரண்டு மணிக்கு யார் எழுந்திருப்பது?

"பகல்ல வர்றவர் நல்ல மனுஷர். ராத்திரி வர்றவர்தான் கத்துறார்" என்று என் மனைவி ஒரு நாள் என்னிடமே புகார் சொன்னாள். இரண்டு பேரும் நான்தான். டிமென்ஷியா என்ற மறதி நோயில் ஒரே ஆளை இப்படி இரண்டாகப் பார்ப்பது நடக்கக்கூடியதுதான் என்று மருத்துவர் விளக்கினார். ஆனால் அவள் சொன்னதில் பாதிதான் நோய், மீதி நிஜம். பகலில் நான் பொறுமையாகத்தான் இருந்தேன். இரவில் மூன்றாவது முறையாக அவள் எழுந்து போய் வாசல் கதவை ஆட்டும்போது வேறு ஆளாகத்தான் மாறிக்கொண்டிருந்தேன்.

அதுவரை எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி ஒன்றே ஒன்று: வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா, பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுவதா? சொந்தக்காரர்கள் கேட்பதும் இதையேதான். கேட்கிற தொனியிலேயே பதிலும் இருக்கும்: முதலாவது பாசம், இரண்டாவது கைகழுவல். இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு வழிகள் இருக்கின்றன. சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம், பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் விடலாம், பிள்ளைகள் வீட்டோடு போய்விடலாம், சில வாரங்களுக்கு மட்டும் இல்லத்தில் தங்க வைக்கலாம். ஆறு வருடத்தில் இவற்றில் பலவற்றைச் செய்து பார்த்தேன், மற்றவற்றை நேரில் போய் விசாரித்தேன். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட நான் கடைசியில் பிடித்துக்கொண்ட அளவுகோல்தான் மேலே தலைப்பில் இருப்பது.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்த நோய் பொதுவாக மெதுவாகத்தான் இறங்கும். இரண்டு மூன்று நாளில் ஆள் தலைகீழாக மாறினால், புதிதாகப் பிதற்ற ஆரம்பித்தால், அல்லது எழுப்பவே முடியாமல் மந்தமாகக் கிடந்தால், நோய் முற்றிவிட்டது என்று உடனே நினைத்துவிட வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுவது, சொல்லத் தெரியாத ஏதோ ஒரு வலி, புதிதாக ஆரம்பித்த மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். இப்படித் திடீரென வரும் குழப்பத்தை டெலிரியம் என்பார்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எங்களுக்கு ஒருமுறை இப்படி ஆனபோது நான் பதறிப்போய் இல்லங்களுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன். அது சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்ததும் பத்து நாளில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டாள். அந்த மாதிரி ஒரு வாரத்தில் நிரந்தரமான முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

என்ன வகை டிமென்ஷியா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 60 முதல் 70 சதவீதம் அல்சைமர்தான். என் மனைவிக்கும் அதுதான், எனவே நான் எழுதுவது அதைச் சார்ந்தே இருக்கும். லூயி பாடி வகை என்றால் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், தூக்கத்தில் கைகால் வீசுவார்கள், அடிக்கடி விழுவார்கள். இரவுக்கு ஆள் சீக்கிரமே தேவைப்படும். ஃப்ரண்டோடெம்போரல் வகை பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வருகிறது. நினைவு ஓரளவு இருக்கும், குணமும் பேச்சும் மாறிப்போகும், உடம்பில் பலம் குறையாது. வயதானவர்களுக்கென்றே நடக்கும் இடங்கள் இவர்களைச் சேர்க்கத் தயங்கக்கூடும். லெக்கானிமாப் போன்ற புது மருந்துகளைப் பற்றிக் கேட்கிறார்கள். அது ஆரம்ப நிலை அல்சைமருக்கு மட்டும்தான். நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கும், நிறுத்தாது. மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வருகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடு நிலைக்கு வந்துவிட்டவர்களின் வீட்டில் எடுக்க வேண்டிய முடிவை அது மாற்றப்போவதில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தனி ஆளாகப் பார்ப்பது என்றால் இந்த 168-ம் உங்கள் தலையில். ஆரம்ப நிலையில் இது முடிகிற காரியம்தான், சொல்லப்போனால் அதுதான் நல்லதும்கூட. முதல் ஒன்றரை வருடத்தை இப்போதும் ஏக்கத்தோடுதான் நினைக்கிறேன். மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி வைத்தேன், அலமாரிக் கதவுகளில் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒட்டினேன், வங்கிக் கணக்கை நான் பார்த்துக்கொண்டேன். மற்றதெல்லாம் அவளே செய்தாள். ஆனால் ஆரம்ப நிலை முழுக்க அப்படியே நீடிக்காது. அல்சைமரில் பொதுவாக நீளமானது நடு நிலை, பல வருடம் ஓடும். மாலை சாய்ந்தால் பதற்றம், "வீட்டுக்குப் போகணும்" என்ற பிடிவாதம், இரவும் பகலும் இடம் மாறுவது எல்லாம் அதில்தான். நான் தனியாகப் பார்த்தது மொத்தம் இரண்டரை வருடம். கடைசி ஆறு மாதம் பார்த்திருக்கவே கூடாது. வீம்புக்காகப் பார்த்தேன்.

அந்த வீம்பை உடைத்தது ஒரு ஆய்வு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1999-ல் வெளியிட்டது. வாழ்க்கைத் துணையைப் பராமரித்து, அதனால் மன உளைச்சலும் பட்டுக்கொண்டிருந்த முதியவர்கள் நான்கு வருடத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, அப்படிப் பராமரிக்கும் நிலையில் இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. எனக்கு வயது 71. எனக்கு ஏதாவது ஆனால் அன்று மாலையே அவளை எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கும். யாரும் அந்த இடத்தைப் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள், அவளைப் பற்றி அங்கே யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. தனியாகவே சமாளிப்பது என்பதும் ஒரு வகையில் இல்லத்தைத் தேர்ந்தெடுப்பதுதான், எந்த இல்லம் என்பதை மட்டும் தற்செயலுக்கு விட்டுவிடுகிறோம்.

அடுத்தது ஆள் வைப்பது. இதில் பலர் சறுக்குவது கணக்கில். "இருபத்து நாலு மணி நேரமும் ஒரு ஆள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 14 ஷிப்ட். ஒருவர் வாரம் ஆறு ஷிப்டுக்கு மேல் செய்தால் அவரும் உங்களைப் போலவே எரிச்சல்காரராகிவிடுவார். ஆக மூன்று பேர் வேண்டும். மூன்று பேர் என்றால் லீவு, சண்டை, திடீரென்று நின்றுவிடுவது எல்லாமும் மூன்று மடங்கு. நான் முதலில் அணுகிய ஏஜென்சி இரண்டு மாதத்தில் ஐந்து பேரை மாற்றி அனுப்பியது. ஒவ்வொரு புது முகத்துக்கும் என் மனைவி முதலிலிருந்து பயந்தாள். பர்ஸைத் திருடிவிட்டதாக நான்கு பேர் மீது பழி போட்டாள். பர்ஸை அவளே தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

ஒன்று கற்றுக்கொண்டேன். "உன்னைப் பார்த்துக்க வந்திருக்காங்க" என்று அறிமுகப்படுத்தினால் எதிர்ப்பு நிச்சயம். "எனக்கு முட்டி வலி, எனக்கு ஒத்தாசைக்கு வந்திருக்காங்க" என்றபோது அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். முட்டி வலி பொய்யும் இல்லை.

ஆள் வைப்பதன் பெரிய பலம், படுக்கையும் சன்னலும் பழகிய சத்தங்களும் மாறுவதில்லை. பலவீனம், வீடு ஒரு வேலையிடமாகிவிடும். உங்கள் சமையலறையில் நீங்கள் ஒதுங்கி நிற்பீர்கள். பொதுவாகப் பகலுக்கு ஆள் வைத்துவிட்டு இரவைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் அது தலைகீழ். பகலில் நான் தூங்கி எழுந்த மனிதனாக இருந்தால் அவளோடு இருப்பது பாரமே இல்லை. வைக்க முடிவது ஒரே ஒரு ஷிப்டுதான் என்றால் அதை இரவுக்கு வையுங்கள்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்தோம். மகளும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் படுக்கையிலிருந்து எழுந்தால் கழிவறை வலது பக்கம், அங்கே இடது பக்கம். இரவில் அவள் வலது பக்கம் போய் பேரனின் துணி அலமாரியைத் திறந்தாள். புது இடத்தின் வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொள்ளும் திறனை இந்த நோய் சீக்கிரமே பறிக்கிறது. மாறுவதென்றால் ஆரம்பத்திலேயே, ஒரே முறை மாறுங்கள். 'மூன்று மாதம் மூத்தவன் வீட்டில், மூன்று மாதம் இளையவன் வீட்டில்' என்று சுற்றும் ஏற்பாடு பிள்ளைகளுக்கு நியாயமாகத் தெரியும், நோயாளிக்கு ஒவ்வொரு முறையும் காட்டில் விட்ட மாதிரி.

நான் அதிகம் பேச விரும்புவது பகல்நேர மையத்தைப் பற்றி. எல்லாரும் கடைசியில் யோசிப்பது இதைத்தான். நடு நிலைக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது என் கட்சி.

என் மனைவி முப்பது வருடம் அலுவலகத்தில் கணக்கு எழுதியவள். மையத்தில் முதல் மூன்று நாள் நாற்காலியை விட்டு எழவே இல்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் வெளியே காருக்குள் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் அங்கிருந்த ஒரு பெண்மணி பழைய ரசீதுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "மேடம், இதைத் தேதி வாரியா அடுக்கித் தர முடியுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அது அவளுக்கு ஆபீஸ். சாயங்காலம் வந்ததும், "இன்னைக்கு வேலை அதிகம்" என்று சலித்துக்கொள்வாள். நானும் "பாவம், லீவு போடேன்" என்பேன். லீவு போட மாட்டாள். அவளை ஏமாற்றுகிறோமா என்று எனக்கு உறுத்தியது உண்டு. ஆனால் ரசீதுகள் நிஜம், அடுக்கியது நிஜம், அவள் முகத்தில் இருந்த களைப்பும் பெருமையும் நிஜம்.

கணக்கும் இதற்குச் சாதகம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் 35 மணி. ஒரு ஆளை வீட்டுக்கு வரவழைத்து அதே 35 மணிக்குச் சம்பளம் கொடுப்பதைவிடப் பல இடங்களில் இது குறைவு. ஏனென்றால் அங்கே ஒரு பணியாளர் பலரைப் பார்க்கிறார். பகலில் உட்கார்ந்து தூங்காமல் நடமாடிக்கொண்டிருந்ததால் எங்கள் வீட்டில் இரவுத் தூக்கமும் கொஞ்சம் நீண்டது. எல்லாருக்கும் நீளும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். இன்னொரு லாபம் எனக்கு. மாதம் இருமுறை அங்கே துணைவர்களுக்கான கூட்டம் நடக்கும். தன் மனைவி தன்னை அவளுடைய அண்ணன் என்று நினைப்பதாக ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது, என்னால் முதல்முறையாக அந்த 'ராத்திரி வர்றவர்' கதையை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது.

இப்படிப்பட்ட பேச்சுக்கு என்ன பெரிய பயன் என்று நினைப்பவர்களுக்காக: நியூயார்க் பல்கலைக்கழகத்தில், அல்சைமர் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் 406 துணைவர்களை வைத்து ஒரு நீண்ட ஆய்வு நடந்தது, 2006-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு ஆலோசனை அமர்வுகள், குடும்பத்தோடு சேர்ந்து பேசுவது, ஆதரவுக் குழு, தேவைப்படும்போது போனில் அழைக்க ஒரு ஆலோசகர் எல்லாம் கிடைத்தன. மறுபாதிக்கு வழக்கமான உதவி மட்டும். முதல் குழுவினர் பார்த்துக்கொண்ட நோயாளிகள் இல்லத்தில் சேர்க்கப்பட்டது மற்றவர்களைவிட இடைநிலைக் கணக்கில் 557 நாள் தள்ளிப்போனது. நோயாளிக்கு எந்தப் புது மருந்தும் தரவில்லை. பார்த்துக்கொள்பவருக்குப் பேச ஆள் கிடைத்தது, அதில் வந்த ஒன்றரை வருடம் அது.

மையத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒருவரைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் தேவைப்படும் நிலை வந்தால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். காலையில் உடுத்தி வண்டியில் ஏற்றுவது சில நாள் போர். மாலையில் களைத்து வரும்போது பதற்றம் கூடுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது இரவைத் தொடாது. 168-ல் 35 போனால் மிச்சம் 133.

கடைசியாக இல்லம். இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு நினைவுக்கு வருவது சாண்ட்ரா டே ஓ'கானர், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. கணவர் ஜானுக்கு அல்சைமர். தனியே விட முடியாமல் அவரை நீதிமன்றத்தில் தன் அறைக்கே அழைத்துப் போய் உட்கார வைத்திருக்கிறார். அவருக்காகவே 2006-ல் பதவியை விட்டார். அப்படியும் கடைசியில் கணவரை இல்லத்தில் சேர்க்க வேண்டி வந்தது. அங்கே ஜான் தன்னைப் போன்ற இன்னொரு நோயாளிப் பெண்ணோடு காதலில் விழுந்தார். 2007-ல் மகன் இதைத் தொலைக்காட்சியில் சொன்னார்: அப்பா அங்கே நிம்மதியாக இருக்கிறார், அதைப் பார்த்து அம்மாவுக்கும் நிம்மதி. இதை முதலில் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இப்போது அந்த அம்மாளைப் பார்த்து வியக்கிறேன். பின்னாளில் அவருக்கும் டிமென்ஷியா வந்தது, 2018-ல் அவரே அறிவித்தார்.

இல்லத்தில் இரவுக்கு ஆள் இருக்கிறது. எப்போதும் விழித்திருக்கிற ஆள், ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்குகிற ஆள். மற்ற எந்த வழியிலும் இது முழுதாகக் கிடைப்பதில்லை. நல்ல இல்லங்கள் உண்மையிலேயே நல்லவை. நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009-ல் திறந்த ஹோஹவேய்க் ஒரு கிராமம் போலவே கட்டப்பட்டது. ஒரு வீட்டுக்கு ஆறேழு பேர், கடை, தோட்டம், தெரு எல்லாம் உள்ளேயே. அலைகிறவர்கள் அலையலாம், தொலைய மாட்டார்கள். அப்படி ஒன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

நான் பார்த்த ஐந்து இல்லங்களில் இரண்டு தேறின. வரவேற்பறையையும் மீன் தொட்டியையும் பார்த்து மயங்காதீர்கள். முன்கூட்டிச் சொல்லாமல் மாலை ஐந்தரைக்குப் போங்கள், பதற்றம் ஏறும் நேரம் அது. இரவு ஷிப்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். பகல் எண்ணிக்கையைச் சொல்லி நழுவுவார்கள், விடாதீர்கள். ஒருவர் குளிக்க மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். 'அப்புறமா மறுபடியும் கேட்டுப் பார்ப்போம்' என்று சொன்ன இடம் தேறியது. 'இரண்டு பேராப் பிடிச்சுக் குளிப்பாட்டிடுவோம்' என்ற இடத்திலிருந்து உடனே கிளம்பினேன். அமைதிப்படுத்த என்ன மாத்திரை தருகிறார்கள் என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். மனநோய்க்கான ஆன்டிசைக்கோடிக் மருந்துகள் டிமென்ஷியா முதியவர்களிடம் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2005-லேயே கடும் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. லூயி பாடி வகைக்கு ஆபத்து இன்னும் அதிகம். சில சமயம் அவை தேவைப்படலாம், ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு மாற்றாகத் தரக் கூடாது. படுத்த படுக்கையானாலும் வைத்துக்கொள்வீர்களா, திருப்பி அனுப்புவீர்களா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

முடிந்தால் இரண்டு வாரம் தங்க வைத்துப் பாருங்கள். நான் கண் அறுவை சிகிச்சைக்குப் போனபோது அப்படிச் செய்தேன். முதல் வாரம் அவள் இளைத்துவிட்டாள். இரண்டாம் வாரம் அங்கே ஒரு தோழி கிடைத்தாள். திரும்பி வரும்போது இருவரும் கட்டிக்கொண்டார்கள். நான் நினைத்துப் பயந்ததில் பாதிகூட நடக்கவில்லை, நினைக்காத ஒன்று நடந்தது: தினமும் மாலை நான் போனபோது எங்களுக்குள் மாத்திரை, டயப்பர், குளியல் பற்றி எந்தப் பேச்சும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

ஆக, என் தேர்வு ஒன்று அல்ல, கலவை. வாரம் ஐந்து நாள் பகல் மையம், ஆறு இரவுக்கு ஒரு ஆள், ஞாயிறு இரவு மட்டும் நான். தேறிய இரண்டு இல்லங்களில் ஒன்றில் பெயர் பதிந்து வைத்திருக்கிறேன். எப்போது அங்கே போவது என்பதை மகளோடு உட்கார்ந்து தாளில் எழுதியும் வைத்தோம்: அவளைத் தூக்க இரண்டு பேர் தேவைப்படும்போது, அடிக்கடி புரையேறி விழுங்கவே சிரமப்படும்போது, அல்லது நான் ஒருமுறையாவது அவள் மீது கையோங்கினால். மூன்றாவதை நானே சொல்லி எழுத வைத்தேன். மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அப்புறம் எழுதினாள்.

இரண்டு விஷயத்தில் தாமதித்துவிட்டேன். அவளால் புரிந்து கையெழுத்துப் போட முடிந்த காலத்திலேயே வழக்கறிஞரிடம் போயிருக்க வேண்டும். சாதாரண அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) பல நாடுகளில் எழுதிக் கொடுத்தவரின் புத்தித் தெளிவு போனதும் செல்லாமல் போய்விடும். அதற்குப் பிறகும் செல்லும்படியான ஏற்பாடு உங்கள் நாட்டில் என்ன என்று முதல் வருடமே விசாரியுங்கள். இன்னொன்று, அவளிடமே கேட்டிருக்க வேண்டும். முதல் வருடத்தில் அவளுக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருந்திருக்கும். கேட்டால் மனம் ஒடிந்துவிடுவாள் என்று நான் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒடிந்துவிடுவோம் என்று பயந்தது நான்தான். கேட்காமலே, "உன்னை எங்கேயும் விடமாட்டேன்" என்று வாக்கும் கொடுத்தேன். அந்த வாக்குதான் என்னைப் பல மாதம் தூங்கவிடாமல் வைத்திருந்தது. 'எங்கே இருந்தாலும் தினமும் வருவேன்' என்று மட்டும் சொல்லியிருந்தால் அதைக் காப்பாற்ற முடிந்திருக்கும்.

இரவுக்கு ஆள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் சாயங்காலம் 'ஆபீஸ்' முடிந்து வந்தவள், காலணியைக் கழற்றிக்கொண்டே, "அந்த ராத்திரி வர்றவர் இப்ப வர்றதில்லையே, வேலையை விட்டுட்டாரா?" என்று கேட்டாள்.

"ஆமா, விட்டுட்டார்" என்றேன்.

"பாவம், அவரும் தூங்கவே மாட்டார்" என்றாள்.